தொரைசாமி பீலி

மெக்ஃபேல் கம்பனிக்கு நூற்றைம்பது வயதாகிறது என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்தார்கள். அதனால் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். கேட்ட இடத்திலெல்லாம் "நல்ல கேள்வி" என்று பாராட்டினார்கள்.

மெக்ஃபேல் ஜிஞ்சர் பியரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பச்சைப் போத்தல். அதில் ஒட்டிய தாளில் ஒரு நீர்வீழ்ச்சி, கீழே கிறுக்கலாக ஒரு வெள்ளைக்காரக் கையெழுத்து. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது, 'மாப்பிள சோடா' என்றுதான் சொல்வோம். பெண் பார்க்க வந்தால் அதைத்தான் உடைப்போம். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் அதைத்தான் வாங்கிப் போவோம். வயிறு உப்பினாலும் அதுதான், கிறிஸ்மசுக்கும் தீபாவளிக்கும் அதுதான். கம்பனி மெக்ஃபேல் குடும்பத்தின் கையை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது வைத்திருப்பவர்கள் சீமெந்தும் விற்கிறார்கள், காப்புறுதியும் விற்கிறார்கள். ஆனாலும் பாருங்கள், அவர்களுக்குத் திடீரென்று மெக்ஃபேல் துரை மீது அப்படி ஒரு பாசம்.

நான் ஜூட்சன். உடப்புசல்லாவை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் தோட்டத்தின் மேப்பிரிவில், கடைசி லயத்தில் வீடு. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய காம்பிரா அறைகள். பக்கத்துக் காம்பிராவில் சோலைமலை அண்ணன், பூரணி அக்கா. அண்ணன் தோட்டத்தில் மழைநீர் வடியக் கான் வெட்டுகிறவர், அக்கா கொழுந்து எடுக்கிறவர். அண்ணனைப் போல ஒரு சாது மனிதர் இந்த மலையில் கிடையாது. யாராவது காலை மிதித்துவிட்டால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். இந்தக் கதையில் அடிபடப் போகிறவர் அவர்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லயத்துக்கு மேலே ஒரு பீலி இருந்தது. பாறை இடுக்கில் வரும் ஊற்றுத் தண்ணீரை ஒரு தகரத்தை மடித்துச் செருகி ஒழுகவிட்டிருப்போம், அவ்வளவுதான் பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அங்கேதான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சண்டை போடுவதும் அங்கேதான். அதற்குத் தொரைசாமி பீலி என்று பெயர்.

தொரைசாமி என்பவர் சோலைமலை அண்ணனுக்குப் பாட்டனின் பாட்டன். மேலே பாறையை உடைத்து ஊற்றை லயத்துப் பக்கம் திருப்பிவிட்டவர் அவர். திருப்பிய அன்றே கல் உருண்டு அங்கேயே செத்துப் போனார். அம்மா அப்பா வைத்த பெயர்தான் தொரைசாமி. துரைமாருக்கும் அவருக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது, அவர்களிடம் அடி வாங்கியதைத் தவிர. அவர் விழுந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, ஆடி மாதம் அண்ணன் சூடம் காட்டுவார். படையலுக்குக் கோழிக் கறி, சுருட்டு, கால் போத்தல் சாராயம்.

கொரோனா ஊரடங்கில் தவறணையைப் பூட்டிவிட்டார்கள். ஊரில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை. அண்ணன் தவித்துப் போய், "சாமி, இந்த வருசம் கோவிச்சுக்காம இத ஏத்துக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மாப்பிள சோடாவை உடைத்து வைத்தார். சாமி கோபித்ததாகத் தெரியவில்லை. தவறணை திறந்த பிறகும் அண்ணன் அதையே தொடர்ந்தார், ஏனென்றால் படையல் முடிந்ததும் பிள்ளைகள் குடிக்கலாம். எங்கள் தலையில் இடி விழுந்தது இந்தச் சோடாவால்தான்.

கம்பனியின் மரபுரிமைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, வெள்ளை வேனில் ஏறி அவர்கள் வந்தார்கள். தனுஜா மெடம், அந்தப் பிரிவின் தலைவி. அவருடன் கலாநிதி றோலண்ட், டொக்டர் பட்டம் வாங்கிய சரித்திரக்காரர். ஜிஞ்சர் பியர் பிறந்த ஊற்றைத் தேடுகிறார்கள் என்று வேன் டிரைவர் சொன்னான். போத்தலில் படம் இருக்கிறதே தவிர, அது எந்தத் தோட்டத்து ஊற்று என்று கம்பனியில் ஒருவருக்கும் தெரியாது. ஏற்கெனவே பல ஊற்றுகளைப் பார்த்துத் தள்ளிவிட்டார்களாம். ஒன்றில் அட்டை அதிகம். இன்னொன்றில் போன் சிக்னல் இல்லை. எங்கள் பீலிக்குப் பக்கத்தில் வேன் திருப்ப இடம் இருந்தது. மெடம் இறங்கி அந்த இடத்தைத்தான் முதலில் பார்த்தார். "பஸ்ஸே திருப்பலாம் டொக்டர்!" என்றார். சரித்திரத்தில் பாதி அங்கேயே முடிவாகிவிட்டது.

கலாநிதி அண்ணனைக் கூப்பிட்டார். நான் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, இந்த நீரூற்றை உங்கள் மக்கள் எவ்வாறு அழைக்கிறார்கள்?"

"தொரசாமி பீலிங்க."

கலாநிதியின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. "துரை... சாமி?"

"ஆமாங்க. தொரசாமி."

"மெடம், குறித்துக்கொள்ளுங்கள். துரை, சாமி. துரையைச் சாமி என்கிறார்கள்!"

"இல்லீங்க, அது எங்க பாட்டன்..."

"பாட்டன் காலத்திலிருந்து. அற்புதம்." கலாநிதி கல்லைப் பார்த்தார். ஆடி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, பச்சைப் போத்தல் அப்படியே நின்றது. கலாநிதி முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். "இது என்ன?"

"படையலுங்க. சாமிக்கு மாப்பிள சோடா."

"எப்போதிருந்து வைக்கிறீர்கள்?"

"கொரோனா நேரத்துல தவறண பூட்டிட்டாங்கல்ல, சாராயம் கெடைக்கல, அதுனால..."

"சாராயத்தை விலக்கி, இந்தப் பானத்தை!" கலாநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெடம், மதுவிலக்கும் இதில் இருக்கிறது."

"ஹவ் ஸ்வீட்! எவ்வளவு எளிமையாப் பேசுறார்" என்றார் மெடம். அண்ணன் ஏதோ பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டார். கும்பிட்டதையும் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் படம்தான் கம்பனிப் புத்தகத்தின் அட்டையில் வந்தது.

புத்தகத்தை எங்கள் பெரட்டுக் களத்தில் வெளியிட்டார்கள். பந்தல், வாழைமரம், நாதஸ்வரம் ஒன்றுக்கும் குறைவில்லை. ஆளுக்கு ஒரு போத்தல் சோடா கொடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி எல்லோருக்கும் மாலை போட்டார், மிஞ்சிய மாலையைத் தானே போட்டுக்கொண்டார். புத்தகத்தின் பெயர் 'துரையே சாமி: ஒரு பானத்தின் வரலாறு'.

கலாநிதி பேசினார். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் உருகி உருகிப் பேசினார்.

"இந்த மக்கள் கூலிக்காகக் கடல் கடந்து வந்தார்கள் என்று இதுவரை தவறாக எழுதிவிட்டார்கள். அவர்கள் கூலியை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. அதற்கு அன்றைய கூலியே சான்று! அவர்கள் தேடி வந்தது அன்பை. அந்த அன்பை அங்கஸ் மெக்ஃபேல் என்ற மாமனிதரிடம் கண்டார்கள். அவர் இந்த ஊற்று நீரில் இஞ்சியைக் கலந்தார். தாகம் தீர்ந்த மக்கள் அவரைத் துரை என்றார்கள். போதவில்லை. துரைசாமி என்றார்கள்!"

கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற அண்ணன் என் காதில், "யாரப் பத்தி தம்பி பேசுறாரு?" என்று கேட்டார்.

"உங்க பாட்டனப் பத்தித்தாண்ணே."

"பாட்டன் சோடா போட்டாரா?"

அடுத்து கம்பனிச் சேர்மன். ஆங்கிலத்தில் பேசினார், கலாநிதி தமிழாக்கினார். "இந்தத் தோட்ட மக்களுக்குக் கம்பனி என்ன கொடுத்தது என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரலாறு கொடுத்திருக்கிறோம். வீடு கொடுத்தால் ஒழுகும். சம்பளம் கொடுத்தால் செலவாகிவிடும். வரலாறு அப்படியல்ல, கொடுத்தவரிடமும் குறைவதில்லை. அதனால்தான் எங்கள் இயக்குநர் சபை அதை ஏகமனதாக அங்கீகரித்தது. இந்தப் புனித ஊற்றை இன்று முதல் கம்பனியே பாதுகாக்கும்."

பூரணி அக்கா கூட்டத்தில் எழுந்தார். கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் இன்னும் இருந்தது. "பாதுகாக்குறது சரிங்கய்யா. நாங்க தண்ணி எங்க எடுக்கிறது?"

மெடம் மைக்கை வாங்கி, "நல்ல கேள்வி" என்றார். உடனே தலைவர் செல்லசாமி நன்றியுரை சொல்ல வந்துவிட்டார்.

மறு வாரமே கம்பி வேலி வந்தது. வேலிக்குள் சிலை வைக்க ஆயத்தம். கேளுங்கள் அநியாயத்தை, மெக்ஃபேல் துரை எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு படமும் இல்லை. விழாத் தேதி நெருங்கிவிட்டது. வலப்பனையில் ஒரு சிலைக்காரர் இருக்கிறார், எந்த மதத்துக்கும் செய்து கொடுப்பார். அவரிடம் ஓர் ஆர்டர் ரத்தாகி மூலையில் ஆள் உயரச் சிலை ஒன்று கிடந்ததாம். அதையே கொஞ்சம் திருத்திக் கொடுத்தார்.

திரையை விலக்கினார்கள். என் மனைவி கேத்ரின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்தோனியார்! பதுவை நகர் புனித அந்தோனியார்! அங்கியைக் கோட்டு மாதிரிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உச்சி மொட்டையை மறைக்க ஒரு தொப்பி. கையிலிருந்த லீலி மலருக்குப் பச்சை பூசி இஞ்சிச் செடியாக்கியிருந்தார்கள். இன்னொரு கையில் குழந்தை இயேசுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு போத்தலைச் செருகியிருந்தார்கள். அந்தோனியார் குழந்தையைப் பார்க்கிற அதே கனிவோடு ஜிஞ்சர் பியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தில் என்ன அருள், பார்த்தீர்களா" என்றார் கலாநிதி. அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மறுநாள் கேத்ரின் வேலிக்கு வெளியே மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு வந்தாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று சத்தம் போட்டேன்.

"தொப்பி வச்சா எனக்கு அந்தோனியாரத் தெரியாமப் போயிருமா? காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு அவருதான. நம்ம தண்ணி காணாமப் போச்சு, அதத்தான் கேட்டுட்டு வாறேன்."

லயத்தில் இருக்கும் வேதக்காரப் பெண்கள் எல்லோரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். கம்பனி அதையும் படம் பிடித்தது. துரைசாமியை இந்துக்களும் கத்தோலிக்கரும் ஒன்றாக வழிபடுகிறார்கள் என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்த வருடத்தின் நல்லிணக்க விருதும் ஜிஞ்சர் பியருக்குத்தான் கிடைத்தது.

அண்ணன் நட்டு வைத்திருந்த கல்லை வேனில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு போய்விட்டார்கள். கம்பனியின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதாம். கல் போன இரவு அண்ணன் சாப்பிடவில்லை. கேட்டால், "பசிக்கல தம்பி" என்றார்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், சொல்லவே வயிறு எரிகிறது. பீலித் தண்ணீரைச் சிலையின் காலடியில் தொட்டி கட்டித் தேக்கினார்கள். மோட்டர் வைத்து மேலே ஏற்றி நீர்வீழ்ச்சியாக விழ வைத்தார்கள், போத்தலில் உள்ள படம் மாதிரியே வர வேண்டுமாம். மிச்சத் தண்ணீர் குழாய் வழியே பார்க்க வருகிறவர்களின் கழிப்பறைக்குப் போனது. வெள்ளை ஓடு பதித்த கழிப்பறை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் எங்கள் குடிதண்ணீரை ஊற்றிவிட்டு, "நல்லா மெயின்டெய்ன் பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் கீழே ஓடைக்குப் போனோம். மலைக்கு அடிக்கிற புல் மருந்தும் உரமும் மழையில் கரைந்து இறங்குகிற ஓடை அது. வடிகட்டினோம், காய்ச்சினோம், ஆனாலும் லயத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுப் போக்கு. வழி செங்குத்து, பாசி பிடித்த படி. ஒரு விடிகாலை மழையில் பூரணி அக்கா குடத்தோடு வழுக்கி விழுந்தார். அவர் கத்தியது எங்கள் காம்பிராவரை கேட்டது. நானும் அண்ணனும் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இடுப்பெலும்பு உடைந்திருந்தது.

வழக்கம் தவறக்கூடாதே, பார்க்கப் போனவர்கள் எல்லோரும் மாப்பிள சோடா வாங்கிப் போனார்கள். கட்டிலுக்குக் கீழே பச்சைப் போத்தல்கள் வரிசையாக நின்றன. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இனி மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது, தண்ணீர் தூக்கவே கூடாது என்று வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொல்லிவிட்டார்.

அன்றுதான் சோலைமலை அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் நியாயம் கேட்கக் கிளம்பினார். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு என் ஆட்டோவில் ஏறினார்.

முதலில் தோட்டத்துத் தொரை. மனேஜரை இன்றைக்கும் நாங்கள் தொரை என்றுதான் சொல்கிறோம், வெள்ளைக்காரன் போனதை யாரும் எங்களுக்கு முறைப்படி அறிவிக்கவில்லை. இவர் இளம் வயது, கண்டிப் பக்கத்து மனிதர், தமிழைப் பாடுபட்டுப் பேசுவார். குணம் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"சோலைமலை, எனக்கு விளங்குது. நம்ம பங்களாவுக்கும் அந்தத் தண்ணி தானே. இப்ப நானும் கடையில போத்தல் வாங்கித்தான் குளிக்கிறது. நான் என்ன செய்ய? நான் வெறும் தொரை. அங்க நிக்கிறது தொரைசாமி. அவர் விசயத்தில நான் கை போட ஏலாது."

அடுத்து நுவரெலியாவில் ஒரு காரியாலயம். கம்பனியின் கோரிக்கையில் புதிதாகத் திறந்தது, நீர்மரபு உரித்துப் பிணக்குப் பிரிவு என்று மூன்று மொழியிலும் பலகை இருந்தது. உள்ளே ஒரே ஒரு உத்தியோகத்தர், பெயர் ஜெயகாந்தன். மேசையில் கம்பனிப் புத்தகமும் ஒரு போத்தல் ஜிஞ்சர் பியரும்.

"தண்ணீர் கேட்டால் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றார். "உரிமை கேட்டால் விசாரிக்கலாம். அந்த ஊற்றுக்கும் உங்களுக்கும் என்ன உரித்து?"

"அது எங்க தொரசாமி திருப்பி விட்ட தண்ணிங்க."

"துரைசாமி உங்களுக்கு என்ன முறை?"

"பாட்டனுக்குப் பாட்டனுங்க."

உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்தார். புத்தகத்தைப் புரட்டினார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் துரைசாமியின் வாரிசு என்கிறீர்களா?"

"ஆமாங்க. நேரடி வாரிசுங்க. ஊரே சொல்லும்."

"துரைசாமி என்பவர் அங்கஸ் மெக்ஃபேல். அப்படியென்றால் நீங்கள் மெக்ஃபேலின் பேரனா?"

"இல்லீங்க. தொரசாமியோட பேரன்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

"நீங்க சொல்றது வேறங்க. நான் சொல்றது தொரசாமி."

"நானும் துரைசாமியைத்தான் சொல்கிறேன்!"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். தண்ணீரில் முங்கப் போகிறவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் குறுக்கே விழுந்து, அவர் வேறு இவர் வேறு, அது ஆளோட பேர் சேர், பட்டம் இல்ல, என்று விளக்கினேன். உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பெயரில் ஒரு தொழிலாளி இருந்ததாகப் புத்தகத்தில் இல்லையே" என்றார். இருக்கிற ஒரே துரைசாமிக்கு அண்ணன் வாரிசு என்று கோருவதாகப் பதிந்து, பிரதியைக் கம்பனிக்கு அனுப்பிவிட்டார்.

கம்பனி பதறிப் போனது. ஜிஞ்சர் பியருக்கு வாரிசு முளைத்துவிட்டான், பெயரில் பங்கு கேட்கப் போகிறான்! மூன்றாம் நாள் வெள்ளை வேன் லயத்து வாசலில் நின்றது. மெடம், கலாநிதி, கூடவே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு சட்டத்தரணி. எங்கள் லயத்துக்குச் சட்டத்தரணி வந்தது அதுதான் முதல் தடவை. உட்கார வைக்க நல்ல கதிரை இல்லாமல் என் ஆட்டோ சீட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

கலாநிதி அண்ணனின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "மூக்கைப் பாருங்கள். கொஞ்சம் ஸ்கொட்லாந்து சாயல் இருக்கிறது. எனக்கு அன்றே ஒரு சந்தேகம்."

"டொக்டர், ப்ளீஸ்" என்றார் சட்டத்தரணி. கடதாசியை எடுத்து வாசித்தார். "துரைசாமி என்று அழைக்கப்படுபவருக்கும் எனக்கும் எனது குடும்பத்தாருக்கும் எவ்வித இரத்த உறவும் இருந்ததில்லை, இனிமேலும் இருக்கமாட்டாது. அவரது பெயரில் எவ்வித உரிமையும் கோர மாட்டேன். ஆண்டவனறிய இதை உறுதி கூறுகிறேன்."

மெடம் அன்பாகச் சொன்னார். "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். உங்க லயத்துக்கு வேலிக்கு வெளியில ஒரு குழாய் போட்டுத் தாறோம். காலையில ஒரு மணித்தியாலம் தண்ணி வரும். பதிலுக்கு நீங்க, பார்க்க வாறவங்களுக்காக, சிலைக்குப் பூசை வைக்கணும். அது உங்க பாரம்பரியம்தானே? நாங்க அதை அழிய விடமாட்டோம்."

அண்ணன் கடதாசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப எங்க பாட்டன் யாருங்க?" என்று கேட்டார்.

"அது உங்கட தனிப்பட்ட விசயம்" என்றார் சட்டத்தரணி.

அண்ணன் என்னிடம் வந்தார். "என்னா தம்பி செய்ய? இவங்க போட்ட சிலைய அவருன்னு சொல்லிட்டுப் போகட்டும். அவரு எனக்கு யாருமே இல்லன்னு என் கையால எழுதிக் குடுத்தா, சாமி கேக்காதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. போடாதீங்கண்ணே என்று சொல்ல வாய் வரை வந்தது. போடாவிட்டால் நாளைக்கு யார் ஓடைக்குப் போவது?

உள்ளே கட்டிலிலிருந்து பூரணி அக்காவின் குரல் கேட்டது. "போடுங்க. அந்த மனுசன் உசுர விட்டதும் தண்ணிக்குத்தான். அவரு கோவிக்க மாட்டாரு."

அண்ணன் கையெழுத்துப் போட்டார். வழக்கமாக அவர் 'து. சோலைமலை' என்று எழுதுவார். அந்தக் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக முதலெழுத்தாகப் பாட்டனின் 'து'வைத்தான் வைத்துக்கொள்வார்கள். சட்டத்தரணி அந்த எழுத்தைப் பேனா முனையால் தொட்டு, "இது என்ன?" என்றார். அண்ணன் அதை அடித்துவிட்டார்.

குழாய் வந்தது. வாக்குத் தவறினார்கள் என்று சொல்லக்கூடாது. பெயர்ப் பலகை குழாயைவிடப் பெரிது: 'துரைசாமியின் கொடை'. செக்குரிட்டிக்காரன் சாவியோடு வந்து திறப்பான், ஒரு மணித்தியாலம் முடிந்ததும் பூட்டுவான். முதலில் விடிகாலையில் திறந்தார்கள். பிறகு, ஜனங்கள் தண்ணீர் பிடிப்பதையும் பார்க்க வருகிறவர்கள் பார்க்க விரும்புவதாக மெடம் சொன்னார். அதனால் நேரத்தைப் பஸ் வரும் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். லயத்தில் இருப்பது கிழடுகளும் நோயாளிகளும்தான். அவர்கள்தான் வாளியோடு வரிசையில் நின்றார்கள். கிழடு தட்டிய வரிசை படத்துக்கு இன்னும் நன்றாக இருந்ததாம்.

போன ஆடியில் பெரிய பூசை வைத்தார்கள். நான் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை ஆட்டோவில் கொண்டு போயிருந்தேன். அண்ணனுக்கு வேட்டி, தலைப்பாகை எல்லாம் கம்பனி கொடுத்திருந்தது. அந்தத் தலைப்பாகை மாதிரி எங்கள் மலையில் யாரும் எந்தக் காலத்திலும் கட்டியதில்லை. அந்தோனியாருக்கு முன்னால் நின்று போத்தலை உடைத்து ஊற்றினார், சூடம் காட்டினார். விளக்கம் சொல்ல ஒரு பெண் இருந்தாள், பிரேமினி என்று பெயர், கலாநிதியிடம் படித்த பிள்ளை.

பூரணி அக்கா வேலிக்கு வெளியே குழாயடியில் இருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். அக்கா வாளி தூக்கக் கூடாது, அதனால் குடத்தைத் தரையிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், அண்ணன் வந்து தூக்கிப் போவார். தட்டு சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைக் கட்ட முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏங்க, நம்ம சாமியத்தான் கொழும்புக்குக் கொண்டு போயிட்டாங்களே. அங்க யாருக்குச் சூடம் காட்டுறீங்க?"

அண்ணனின் கை நின்றது. சூடம் எரிந்து விரலைச் சுட்டிருக்க வேண்டும், தட்டை மாற்றிப் பிடித்தார். "தண்ணிக்கு" என்றார்.

வெள்ளைக்காரப் பெண் ஆவலோடு பிரேமினியைப் பார்த்தாள். "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"எங்களுக்குத் தண்ணீர் தந்தவருக்கு என்கிறார்" என்று பிரேமினி ஆங்கிலத்தில் சொன்னாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். செக்குரிட்டிக்காரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குழாயைப் பூட்டினான். அக்காவின் குடத்தில் பாதிதான் இருந்தது.